டவர் பாறைக்குக் கீழே கிடந்த செருப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டை அவிழ்த்துவிட்ட கையோடு அம்மா என்னைக் கேட்பார்: "இன்னாடா, இந்த வாரத்துக்கு எதுனா கெடச்சிச்சா?"

நான் வலைப்பூ எழுதுவது அம்மாவுக்குக் காட்டுக்குள் தேனுக்குப் போவது மாதிரி. ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் வெறும் டப்பாவோடு திரும்ப வேண்டும். கிடைக்கவில்லை என்று சொன்னால் அவரே எதையாவது எடுத்துக் கொடுப்பார். "மேல்காட்டுல பன்னி பூந்துட்ச்சே, அத எழுது." "பஸ்ஸு வளைவுல நின்னுபோச்சே, அத எழுது." எழுதியதைப் படித்துக் காட்டினால் மட்டும் பாதியிலேயே எழுந்துவிடுவார். "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குத் திருவண்ணாமலை போனபோது, ஜவ்வாது மலை என்று சொன்னதும் கூடப் படித்தவர்கள் கேட்டது இரண்டே விஷயம்தான்: கரடி, சந்தன மரம். பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், ஒரு நாள் போனிலேயே ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். சாமைக்குக் களை எடுப்பது, கடுக்காய் பொறுக்குவது, போளூர் பஸ்ஸில் பலாப்பழத்துக்கு லக்கேஜ் போடலாமா கூடாதா என்று நடக்கும் சண்டை, இப்படி எழுதினேன். முதல் வருஷம் படித்தது நானும் என் அறையில் இருந்த நண்பனும்தான். அவனும் நான் கேள்வி கேட்பேன் என்கிற பயத்தில்தான் படித்தான்.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பி, அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே அப்பாவோடு நிலத்தில் இறங்கிய பிறகுதான் நிஜமான வாசகர்கள் வந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள். கேரளாவில் சென்ட்ரிங் வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போனவர்கள். ஒருத்தர் எப்படியோ கண்டுபிடித்து இன்னொருத்தருக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு என் நடையைப் பற்றிக் கவலை கிடையாது. மழை பெய்ததா, எவ்வளவு நேரம் பெய்தது, ஓடையில் தண்ணீர் போகிறதா, அதுதான் வேண்டும். ஒரு பலா மரத்தைப் படம் எடுத்துப் போட்டால் போதும், "எங்க வூட்டு மரம் இன்னா ஆச்சி, அதுவும் எடுத்துப் போடுடா" என்று வரிசையாக வந்துவிடும். மழை பெய்யாத வாரத்தில் மழை பெய்யவில்லை என்று எழுதியதற்கு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

அவர்களுக்காகவே இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறக்கூடாது. யார் பேரையும் போடக்கூடாது. ஊரில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது பேர் போடாமல் இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வலைப்பூ நடத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று வெளியூர் நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். லேப்டாப் வேண்டுமா, தமிழில் தட்டச்சு எப்படி என்றெல்லாம். என் விஷயத்தில் முதலில் வேண்டியது ஒரு பாறை.

எங்கள் ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டவர் எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். வீட்டில் போன் என்பது டார்ச் லைட்டும் கடிகாரமும்தான். பேச வேண்டும் என்றால் ஊருக்கு வடக்கே இருக்கிற பாறைக்கு ஏற வேண்டும். டவர் பாறை என்றுதான் இப்போது பெயர். மேலே போனால் ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு ஒரு குழிவு இருக்கும். அந்தக் குழிவில்தான் சிக்னல். இரண்டு அடி தள்ளினால் போய்விடும். கீழே இருந்து பார்த்தால் மேலே இருப்பவர் தெரியமாட்டார். அதனால் ஏறுகிறவர்கள் செருப்பை அடியில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். செருப்பு கிடந்தால் மேலே ஆள் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வருகிறவர் கீழே புங்க மரத்தடியில் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் குரல் கொடுக்கக்கூடாது. யாரும் உட்கார்ந்து பேசிப் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. புருஷன்மார் வெளியூரில் இருக்கிற ஊரில் பெண்கள் மனசுவிட்டுப் பேசுவதற்கு இருந்தது அந்த ஒரு இடம்தான்.

நான் எழுதியதை ஏற்ற வேண்டும் என்றாலும் அந்தக் குழிவுக்குத்தான் போக வேண்டும். எழுத்து சீக்கிரம் போய்விடும். படம் இருந்தால் பாதி நாள்.

மாசி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றப் போனபோது கீழே செருப்பு கிடந்தது. மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பி வந்தன. செருப்பு அப்படியே கிடந்தது. அம்மா தேடுவார் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் போய்த்தான் ஏற்றினேன்.

அடுத்த வாரத்துக்கு விஷயம் எதுவும் கிடைக்கவில்லை. பன்றியும் வரவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. காத்திருந்ததையே எழுதினேன். பாறையை, மரத்தை, மாடுகள் இறங்கி வந்ததை, செருப்பை. செருப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூ. அதில் ஒரு இதழ் உடைந்து போயிருந்தது. அந்த இதழையும் எழுதினேன். ஒரு வேலை உருப்படியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். திருப்பூரிலிருந்து ஒருவர், "பூ சூப்பர்" என்று எழுதியிருந்தார்.

அதை ஏற்றிய மறுவாரம் பாறை மேல் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பக்கத்து வீடு. கேரளாவில் வேலை செய்கிறார்.

"டேய், நீ எழுதினத பாத்தேன்டா."

"எப்படிணா இருந்துச்சி?"

"நல்லாகீது. அந்தப் பூ வெச்ச செருப்பு உங்க அண்ணியோடதுதான?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேர் போடாமலே தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறேனே என்று. "ஆமாணா! எப்படி கண்டுபுடிச்சீங்க?"

"நான்தானடா இங்க இருந்து வாங்கியாந்து குடுத்தேன். மலையில வேற எவகிட்ட கீது? எவ்ளோ நேரம்டா கெடந்துச்சி?"

"மாடு திரும்பற வரைக்கும்ணா."

அந்தப் பக்கம் கான்கிரீட் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "என்கூட பேசனது கொஞ்ச நேரம்தான்டா" என்றார். அதற்குப் பிறகு வைத்துவிட்டார். பாறையை விட்டு இறங்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது.

அன்று முதல் அண்ணியின் போன் பெரியம்மாவின் மடிக்குப் போனது. பெரியம்மா அண்ணிக்கு மாமியார். கெட்டவர் இல்லை. மகன் சொன்னான், வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடுகிற நேரத்துக்கு மருமகளோடு அவரும் பாறை ஏறினார். அவருக்கு முட்டிவலி. ஏறும்போதும் இறங்கும்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். "இவன் நெட்டுல எழுதறானாம், என் முட்டி போவுது! எழுதறவன் வந்து என்னத் தூக்கினு ஏறட்டும்!"

மற்ற பெண்கள் திட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். சிலர் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நான் வழியில் வந்தால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "எழுதறவரு வர்றாரு, செருப்ப ஒளிச்சி வெய்டி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கு நானும் சிரித்துத்தான் வைக்க வேண்டும்.

செருப்பு கீழே இல்லை என்றால் மேலே ஆள் இருப்பது எப்படித் தெரியும்? ஒரு நாள் எதிர்வீட்டுப் புதுப்பெண் அவள் அம்மாவோடு அழுது பேசிக்கொண்டிருந்தபோது, கீழே ஒன்றும் இல்லையே என்று ஒரு பெரியவர் மேலே ஏறிவிட்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கி ஓடினாள். அந்தப் பெரியவர் என்னிடம் வந்து, "இன்னாடா பண்ணி வெச்சிகீற?" என்று மட்டும் கேட்டார்.

நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அதை அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன்.

புளி தட்டுகிற காலம். பெரியம்மா வீட்டு வாசலில் அண்ணியும் எதிர்வீட்டுப் புதுப்பெண்ணும் உட்கார்ந்து புளியை ஓடு நீக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தண்ணீருக்குப் போயிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணி, நான் எழுதறத நிறுத்திடறேன்."

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "நிறுத்திட்டு?"

"உங்களுக்குப் பிரச்சினை வேணாம்னுதான்."

"நீ நிறுத்தினா உங்க அண்ணன் இன்னா நெனைப்பாரு? தம்பிக்காரன் உண்மைய எழுதிட்டான், வூட்ல சண்ட புடிச்சி வாய அடைச்சிட்டாளுங்கன்னு நெனைப்பாரு. நல்லா இருக்கே உன் யோசன."

புதுப்பெண் சிரித்தாள். நான் கேட்டேன்: "அப்ப இன்னா பண்றது?"

"மொதல்ல குந்து. நின்னுக்கினு இருந்தா வாத்தியாரு மாதிரி கீது."

உட்கார்ந்தேன். ஒரு குத்து புளியை என் பக்கம் தள்ளினார். "ஊரே கேக்குது, யாருகிட்ட பேசினேன்னு. நீ ஒருத்தன்தான் கேக்கல."

"கேக்கக்கூடாதுன்னுதான் அண்ணி."

"யாருகிட்டயும் இல்ல. உங்க அண்ணன்கிட்ட பேசி முடிச்சேன், சார்ஜு போச்சி. எறங்கலாம்னு எழுந்தேன். கீழ செருப்பு கெடக்குது. அது கெடக்கற வரைக்கும் எவனும் ஏறி வர மாட்டான், எவளும் கூப்பிட மாட்டா. புள்ள மாமியாருகிட்ட தூங்குது. சரின்னு குந்திட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். காத்து வந்துச்சி. அந்தப் பக்கம் அமிர்தி காடு வரைக்கும் தெரியுது, தெரியுமா உனக்கு? நீதான் மேல போனா போனையே பாத்துக்கினு இருப்பியே." ஒரு கொட்டையைத் தட்டி எடுத்தார். "கீழ எவனோ இருமிக்கினே இருந்தான். எவன்டா இவன், போய்த் தொலைய மாட்டறானேன்னு நெனச்சேன். நீதானா அது?"

இருமியது நான்தான். குரல் கொடுக்கக்கூடாது என்பதால் இருமினேன். அதைச் சொன்னபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப அதையே எழுதிடறேன் அண்ணி. சும்மா உட்கார்ந்திருந்தீங்கன்னு. அண்ணனுக்கும் புரியும்."

அண்ணியின் முகம் மாறிவிட்டது. "அய்யய்ய, எழுதிடாத! அது உங்க பெரியம்மா காதுக்கு வந்தா இன்னா ஆவும்? வூட்டுல இவ்ளோ வேல இருக்கசொல்ல மேல இன்னாடி சும்மா குந்திக்கினு இருந்தன்னு கேக்கும். எவன்கிட்டயோ பேசினேன்னு சொன்னாகூட ஒரு நாள் சண்டையோட போவும். சும்மா குந்தினு இருந்தேன்னு சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்."

அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பெரியம்மாவை எனக்கும் தெரியும். உண்மையை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கல்லூரியில் யாரோ சொல்லி நானும் நம்பியிருந்தேன். எங்கள் வாசலில் அது செல்லுபடியாகவில்லை.

"நீ உன்னப் பத்தி எழுது" என்றார் அண்ணி. "ஒரு போட்டோ ஏத்தறதுக்கு நீ எவ்ளோ நேரம் மேல குந்தி கெடக்கற? காலையில போனா கூழு குடிக்கறதுக்குக்கூட வர்றதில்லன்னு உங்கம்மா பொலம்பறது எனக்குக் கேக்குது. அத எழுது. பொய் இல்லயே?"

பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எழுதினேன். என் செருப்பைப் பற்றித்தான். மாட்டை அவிழ்க்கிற நேரத்தில் கழற்றிப் போட்டால் மாடு திரும்புகிற நேரம் வரை பாறையடியில் கிடக்கும். வெயிலில் காய்ந்து வார் விறைத்துப் போகும். படம் பாதி ஏறி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. அண்ணியைப் பற்றி, பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதிய விதமும் சுமார்தான்.

ஆனால் நான் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிகம் பேர் பதில் போட்டார்கள். திருப்பூரில் இருக்கிறவர், வேலைக்குப் போவதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து போன் வரும் என்று அந்தப் பாறையில் ஒரு நாள் முழுக்கக் கிடந்ததையும், அவர் செருப்பை ஆடு கடித்ததையும் எழுதினார். இன்னொருவர், அவர் அக்காவுக்குக் குழந்தை பிறந்த செய்திக்காக மழையில் அங்கேயே நனைந்ததை எழுதினார். போன் வரவே இல்லை, ஆனாலும் இறங்க மனசு வரவில்லை என்று எழுதினார் ஒருவர். வெளியூரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பாறையில் ஒரு பகல் பாக்கி இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் அண்ணனுடைய பதில் இருந்தது. "மேஸ்திரி போனுக்காக நானும் குந்தி இருக்கேன். பொழுது போனதே தெரியல." அவ்வளவுதான். அண்ணியைப் பற்றிக் கேட்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனில், "அம்மா, நீ இன்னாத்துக்கு முட்டிய வெச்சினு மேல ஏறி வர்ற, வூட்லயே இரு" என்று சொன்னதாகப் பெரியம்மாவே வந்து அம்மாவிடம் சொன்னார். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்று அதற்கும் திட்டினார். போன் அண்ணியிடம் திரும்பி வந்தது.

செருப்பு விஷயம்தான் பாக்கி. பெண்கள் இன்னும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினார்கள், மேலே ஆளும் ஆளும் முட்டிக்கொள்வதும் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஏற்றப் போனபோது பாறையடியில் இரண்டு செருப்பு கிடந்தது. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே இடது கால்.

அண்ணி வீட்டில் நாய் ஒரு வலது செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எதிர்வீட்டிலும் அதே நாய், அதே மாதிரி. மிச்சம் கிடந்த இடது இரண்டையும் அண்ணியும் புதுப்பெண்ணும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மேலே போகிறவர் அந்த இரண்டையும் பாறையில் ஏறக் கால் வைக்கிற முதல் படிக்கல் மேல் எடுத்து வைக்க வேண்டும், இறங்கினதும் ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். தங்கள் செருப்பைக் கையோடு கொண்டுபோய்விடலாம். படிக்கல்லில் இருந்தால் ஆள் இருக்கிறது. யார் என்று எவருக்கும் தெரியாது. ரெண்டு இடது செருப்பைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்க முடியாது, அதனால் அது யாருடையதும் இல்லை.

"இப்ப எழுதேன் பாக்கலாம்" என்றாள் புதுப்பெண், என்னை வழியில் பார்த்து.

நான் எழுதவில்லை. அண்ணியிடம் கேட்டேன், இப்போதைக்கு வேண்டாம் என்றார். இதை எழுதுவதற்குக்கூட அவரிடம் உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான் துணிந்தேன். எட்டாவது வரை படித்தவர், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பெரியம்மா காதுக்குப் போகுமே என்றேன். "முட்டி சரியாப் போச்சி, அதுக்குக் கோவமும் போச்சி. இப்ப கேட்டா, நானும் ஒரு நாள் போய் குந்தறேன்னு சொல்லும்" என்றார்.

இப்போது எழுதுவதற்கு முன்னால் ஊரில் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களிடம் போய்ச் சொல்கிறேன். அதனால் வேலை இரண்டு மடங்கு. சிலர் வேண்டாம் என்கிறார்கள், நல்ல விஷயமெல்லாம் போய்விடுகிறது. சிலர், "என்னப் பத்தி எழுத இன்னா கீது?" என்று ஆரம்பித்து, நான் கேட்காததை எல்லாம் சொல்கிறார்கள். அம்மா கேட்கிற கேள்விக்குக் கிடைத்தது என்று சொல்கிற வாரங்கள் கூடியிருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்றப் போனேன். இரண்டு இடது செருப்பும் படிக்கல் மேல் இருந்தன. மரத்தடியில் உட்கார்ந்தேன். மேலே பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லை. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். மாடுகள் இறங்கி வந்தன. செருப்பு நகரவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னாடா, நேத்து வரல? ஞாயித்துக்கெழம தவறாதுன்னு சொல்லுவ?"

"பாறையில ஆள் இருந்துச்சிணா."

"யாரு?"

"தெரியலணா. இப்பல்லாம் செருப்பப் பாத்தா தெரியறதில்ல."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"சரி, வுடு" என்றார். "மழ எதுனா வருமா அங்க?"